கிணற்றுக்குச் சுவர் இருக்கா?

1976 ஜூனில் அம்பாசமுத்திரத்தை விட்டு அறந்தாங்கிப் பக்கம் ஒரு சிற்றூருக்குக் குடிபோனோம். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மாற்றல் உத்தரவு ஜனவரியிலேயே வந்துவிட்டது. அண்ணனின் முழுப்பரீட்சை முடியட்டும் என்று அவர் மட்டும் முன்னால் போய், அறை எடுத்து, ஐந்து மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டார்.

போன மறுநாளே எங்கள் இருவரையும் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார். தலைமையாசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் காதில் பட்டது. ஐந்து வயது ஆகிவிட்டதாக எழுதிக்கொண்டார். ஆவணியில் பிறந்த எனக்கு அன்று மே மாதத்தில் ஒரு பிறந்தநாள் கிடைத்தது. இன்றும் ஆதார் அட்டையில் அதுதான் இருக்கிறது.

ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார்கள். இடுப்புயரச் சுவர், அதன்மேல் கீற்றுக் கூரை. அப்பா பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சார், பின்னால கிணறு இருக்கே, சுவர் வச்சிருக்கா?” என்று கேட்டார். தலைமையாசிரியர் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பக்கச் சுவர் இடிந்து கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு பேரை அழைத்துப்போய் அந்தப் பக்கத்தை முள்வேலி போட்டு அடைத்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. “படிப்பு எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டியளா?” என்றாள்.

“அதான் வாத்தியார் இருக்காருல்லா.”

அந்தப் பதில் வெகுகாலம் எனக்குக் குறையாகவே இருந்தது. என் பிள்ளைகளுக்கு இப்படி நடக்க விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2004இல் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. திருநெல்வேலியில் இருக்கும்போதே ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். ஸ்டேட் போர்டா, மெட்ரிகுலேஷனா, சி.பி.எஸ்.இ.யா? அப்போது மெட்ரிகுலேஷனுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. 2010இல் சமச்சீர் கல்வி வரத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் ஒன்றாயின. கட்டணம், வேன், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இந்தி உண்டா, கணினி உண்டா என்று பதினோரு பக்கம் எழுதினேன். சென்னையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எஸ்.டி.டி. போட்டுக் கேட்டேன். இரவில் தூக்கம் வரவில்லை. ஊர் மாறுவதால் பிள்ளைகள் எதையாவது இழந்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

விண்ணப்பம் வாங்க விடிகாலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றேன். பிறகு நேர்முகத் தேர்வு. ஓர் அட்டையைக் காட்டி இது என்ன நிறம் என்று மகனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். “ஊதா” என்றான். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்து எங்களிருவரின் படிப்பையும் விசாரித்தார்கள். குழந்தையையோ பெற்றோரையோ இப்படிச் சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் தடுத்தது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். எங்களுக்கு அது ஐந்து வருடம் தாமதம்.

கடைசியில் இடம் கிடைத்தது. மகனுக்கு மூன்றாவது மாடியில் வகுப்பு. முதல் நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். சுவர் நெடுக முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். அவற்றைப் பார்த்தபடியே ஏறினேன், படிகளைப் பார்க்கவில்லை.

ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிய இடத்தில், மதிய உணவு சமைத்த அடுப்புத் தீ கீற்றில் பற்றி, மாடி வகுப்பின் கூரைக்கு ஏறியது. குறுகலான ஒரே படிக்கட்டு. 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். எல்லோரும் தொடக்கப் பள்ளி வயது, என் மகன் வயது. தொலைக்காட்சியில் வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்க்க முடியாமல் அணைத்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியாமல் மறுபடி போட்டேன்.

அன்று சாயங்காலம் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா போன் செய்தார்.

“ஏட்டி, பய எந்த மாடியில இருக்கான்?”

“மூணாவதுப்பா.”

“எறங்க எத்தனை படிக்கட்டு இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. பதினோரு பக்க நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த இரவில்தான் எங்கள் கீற்றுக் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. மழைநாளில் அது மணக்கும் மணத்தை, வெயிலில் தரும் குளிர்ச்சியை எத்தனையோ பேரிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். அதன் ஓரத்திலேயே மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரியும். நாங்கள் அறுபது பேரும் பிழைத்து வளர்ந்ததற்கு, அங்கே ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதற்குப் பிறகு அந்த மணத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். இருந்தது ஒரே படிக்கட்டு. அதன் திருப்பத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். கீழே இரும்புக் கேட். தாமதமாக வருகிறவர்கள் ஏறிவிடாதபடி பிரேயர் முடிந்ததும் பூட்டிவிடுவார்களாம், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் எங்கே என்று கேட்டேன். டீ குடிக்கப் போயிருந்தார்.

தாய்மார்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் பெஞ்சுகள் போயின, கேட்டைப் பூட்டுவதும் நின்றது. இரண்டாவது படிக்கட்டு மட்டும் வரவில்லை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமையில் சேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009 ஏப்ரலில். தீயணைப்புக் கருவியும் கட்டட விதியும் அத்தனை பள்ளிகளுக்கும் கட்டாயம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 94 குழந்தைகள் போன பிறகு எழுத வேண்டியிருந்த தீர்ப்பு அது.

அடுத்த ஜூனில், பக்கத்திலேயே இருந்த ஓர் உதவி பெறும் பள்ளிக்கு மகனை மாற்ற முடிவு செய்தோம். அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். நான் தலைமையாசிரியையிடம் ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், புதிதாக வரும் பிள்ளையை யார் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவைக் காணவில்லை.

தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். இரண்டு படிக்கட்டுகளிலும் ஏறி இறங்கிவிட்டு, மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தார். சம்ப்பின் இரும்பு மூடியைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு எழுபது வயது.

“மூடி கனமாத்தான் இருக்கு. பூட்டும் இருக்கு. சேத்துரு.”

“படிப்பு எப்படின்னு நீங்க ஒண்ணும் கேக்கலியாப்பா?”

“அதான் டீச்சர் இருக்காங்கல்லா” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, பேரனை எங்கே என்று கேட்டார்.