ஒரு சொட்டும் கசியாத பிரேக்

பழைய கார் பிரியர்களைப் போலப் பொறுப்பானவர்கள் நாட்டில் கிடையாது. நண்பர் தமது 1958 மாடல் மோரிஸ் மைனருக்குப் புது பிரேக் குழாய் போட்டார். இரும்பு துருப்பிடிக்கும், வெறும் செம்பு அதிர்விலே விரிசல் விடும் என்று, செம்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குலக் குழாயை வரவழைத்தார். நட்டைக் கோத்த பிறகே நுனியை விரிக்க வேண்டும். முந்திக்கொண்டு விரித்தால் அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒவ்வொரு வளைவும் பழைய குழாயை அச்சாக வைத்து வளைத்தது. எல்லாம் காருக்கு அடியில். அதைத் தரிசிக்கும் பாக்கியம் அங்கே படுக்கும் தெருநாய்க்கு மட்டுமே. அதற்காகப் பளபளவென்று பாலீஷும் போட்டார். நாய்க்கும் ரசனை உண்டல்லவா?

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பட்ட இடத்தில் பெயின்டை உரிக்கும். ஆகவே ஊற்றவில்லை. என்ன தொலைநோக்கு! ஊற்றாத ஆயில் எந்த இணைப்பில் கசியும்? காரை வெளியே எடுக்காததால் பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாருக்கும் இடமில்லை.

பழைய கார் கண்காட்சிக்கு அதை லாரியில் ஏற்றினார்கள். நண்பர் முன்சீட்டில் அமர்ந்து, "பிரேக் எப்படிப்பா?" என்றார்.

"மூணு தடவ மிதிச்சா பிடிக்கும் சார்" என்றார் டிரைவர்.