சிவப்புப் போத்தல் அண்ணை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியோரம் எந்த மோட்டார் சைக்கிள் கராச்சுக்குள் நுழைந்தாலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வேலை செய்வார். மற்றவர் அண்ணை. வேலை செய்பவருக்கு முழங்கை வரை ஒயில். அண்ணையின் சாரத்தில் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. கவிழ்த்து வைத்த ஒயில் வாளியில் இருந்துகொண்டு, வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் எழுதுவார்:

"தம்பி, உதுக்குச் சிவப்பு விட்டு இறுக்கு."

அதிர்வில் நட்டு கழராமல் இருக்கப் புரியில் விடுகிற பசையைத்தான் சொல்கிறார். கடையில் எந்தக் கொம்பனிச் சாமானைக் கேட்டாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு லொக்டைட் என்றே பெயர். அதில் பல வகை உண்டு என்பதை அண்ணை ஏற்பதில்லை. பலமானது ஒன்று இருக்கும்போது பலமில்லாததை ஏன் செய்தான் என்பது அவருடைய கேள்வி.

அண்ணையைக் குறை சொல்லவும் முடியாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாளில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி, உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணி, வெள்ளைப் புகைக்குள் மறைந்து போன தலைமுறை. அந்த நாளில் ஒரு நட்டு கழன்று விழுந்தால் விழுந்ததுதான். வந்த வழியே திரும்பி நடந்து மண்ணைக் கிளறித் தேட வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். 2002 இல் ஏ9 வீதி திறந்து புது நட்டுகள் வந்து குவிந்த பிறகும் அவர் கண் நிலத்தைத் தேடுவதை விடவில்லை. நட்டு கழரக் கூடாது: அண்ணைக்குத் தெரிந்த பொறியியல் முழுவதும் இந்த மூன்று சொல்தான்.

நட்டு ஏன் கழர்கிறது என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியியலாளர் 1969 இல் சோதனை செய்து எழுதினார். பிடித்திருக்கிற இரண்டு பாகங்களும் குறுக்குவாட்டில் அசைந்து வழுக்கும்போது புரி தானாகவே சுற்றிக் கழர்கிறது. ஸ்பிரிங் வோஷரை நம்பிப் பெரிதாகப் பலனில்லை. முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் இதே ஆராய்ச்சியை அண்ணை தன் முதுகெலும்பால் செய்து முடித்திருந்தார். வெளியிடத்தான் ஆளில்லை.

பசை வாங்க அவர் ஹாட்வெயாருக்குப் போனால் அங்கே ஒரு வழக்கு நடக்கும். போத்தலைக் காதடியில் குலுக்குவார்.

"பாதிதான் கிடக்கு. மிச்சத்தை ஆர் குடிச்சது?"

"அண்ணை, கொம்பனியே அப்பிடித்தான் அனுப்புறான்."

கடைக்காரப் பெடியன் சொல்வது உண்மை. 1953 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிற்றி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் உருவாக்கிய சரக்கு இது. காற்று இருக்கும்வரை தண்ணியாகவே கிடக்கும். காற்றுப் புகாத புரி இடுக்கில் இரும்பு பட்டவுடன் இறுகத் தொடங்கும். போத்தலில் காற்று இல்லையென்றால் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். இவ்வளவையும் கேட்ட பிறகு அண்ணை, "அப்ப காத்துக்கும் சேத்தோ காசு?" என்றுதான் கேட்பார்.

அடுத்த சிக்கல் நிறம். லொக்டைட் கொம்பனி இந்தப் பசையின் எல்லா வகையையும் சிவப்புப் போத்தலிலேயே அடைக்கிறது. உள்ளே 222 ஊதா, சின்ன ஸ்குரூக்களுக்கு. 243 நீலம், நடுத்தரப் பலம், சாதாரண ஸ்பனரால் கழற்றலாம். 271 சிவப்பு, கழற்றுவதற்கு 250 பாகை அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, அதே அளவு முரட்டுச் சாமானான 270 பச்சை நிறம். ஆகவே அண்ணை "சிவப்பு" என்று கேட்டு வாங்கிப் போனது பல தடவை நீலமாக இருந்திருக்கிறது. ஊரில் பல எஞ்சின்கள் இன்னும் கழற்றக்கூடியதாக இருப்பதற்கு அந்தப் போத்தலின் நிறமே காரணம் என்பது என் கணிப்பு.

வேலை செய்கிற தம்பி எதிர்த்துக் கதைக்க மாட்டான். அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்துத் தன் வேலையைச் செய்வான். மக்னெற் கொயிலைப் பிடிக்கிற சின்ன ஸ்குரூவைப் பெற்றோலில் கழுவி, பழைய பல் பிரஷால் புரியைத் தேய்த்து, ஊதிக் காயவிட்டு, நீலத்தில் ஒரு சொட்டு விடுவான். அடிதெரியாத துளையென்றால் சொட்டு துளைக்குள் போகும், ஸ்குரூவில் அல்ல. ஸ்குரூவில் விட்டால் உள்ளே அடைபட்ட காற்று பசையை மேலே தள்ளிவிடும். பிறகு அளவாக இறுக்கி, "நாளைக்கு வந்து எடுங்கோ" என்பான். முழுதாக இறுக 24 மணித்தியாலம் வேண்டும். கொயில் ஸ்குரூ, டிஸ்க் போல்ட் போன்றவற்றுக்கு நீலம். இனி எடுக்கவே தேவையில்லை என்று நினைக்கிற ஸ்டட்டுக்கு மட்டும் முரட்டுச் சாமான். பிளக்குக்கும் ஒயில் வடிக்கிற அடி நட்டுக்கும் ஒன்றுமே இல்லை. அவற்றுக்கு வோஷர் போதும்.

அண்ணை இந்தக் கடைசி வரியைத்தான் மன்னிப்பதில்லை. ஒயில் நட்டுத்தானே முதலில் கழரும் என்பார். தன் பல்சருக்குத் தானே விட்டார். சைட் கவர் ஸ்குரூவுக்கும் விட்டார். அந்தப் பசை சில பிளாஸ்ரிக்கோடு ஒத்துப்போகாது, கவர் புரியடியில் வெடித்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் இந்தியன் பிளாஸ்ரிக்.

ஒயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. தம்பி ஸ்பனரைப் போட்டான், பிறகு ஸ்பனருக்குக் குழாயைப் போட்டான், பிறகு குழாயில் ஏறி நின்றான். நட்டு அசையவில்லை. அலுமினியத்தில் நெருப்புக் காட்டினால் பக்கத்திலுள்ள சீல் போய்விடும் என்று மெல்லச் சூடாக்கி, மெல்லக் கழற்றினான். புரியின் பாதியும் சேர்ந்தே வந்தது. புதுப் புரி வெட்ட வேண்டும்.

"அண்ணை, உந்தக் காசு ஆர் தாறது?"

அண்ணை நட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அலுமினியச் சுருள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியே, என்ன பிடி பிடிச்சிருக்கு! புதுப் புரியை வெட்டு தம்பி. வெட்டிப்போட்டு, இந்த முறை ரெண்டு சொட்டு விடு."