தொட்டிக்குள் கடல்

கடல் வாசலிலேயே கிடக்கிறது. மீன் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கச் சொல்கிறார்களே, தூத்துக்குடிக்காரனுக்கு இது தேவையா?

கடலில் மீன் விட்ட கழிவை அலை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் தொட்டியிலிருந்து அது எங்கே போகும்? மீன் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே கழிக்கிறது. கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் என்பதால், அதே அளவு அமோனியா பொதுவாக நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் கடுமையாகத் தாக்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது உங்கள் ஊரில்தான். கடல் பக்கத்திலேயே இருந்தும், பொரிப்பகத்தில் வடிகட்டாத தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவதில்லை.

சரி, தண்ணீரை எப்படிப் பிடிப்பது?

முத்துக் குளிப்பவர் மேலாக நீந்திச் சிப்பி தேடுவாரா? நீங்களும் கையை உள்ளே விடுங்கள். மேல்பரப்பில் தீவனத் தூசும் எண்ணெய்ப் படலமும்தான் மிதக்கும். சோப்பு வாடையே இல்லாத சிறு பாட்டிலைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு சாண் ஆழத்தில் பிடித்து, நிரம்பியதும் தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் பி.ஹெச். மாறக்கூடும். தீவனம் போடுவதற்கும் தண்ணீர் மாற்றுவதற்கும் முன்பே பிடியுங்கள். பிடித்த கையோடு சோதியுங்கள்.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே?

அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் செவுள் புண்ணாகியிருக்கும்.