தோல் சீட்டும் சித்தப்பாவும்

காருக்குத் தோல் சீட்டு இருப்பது தெரிந்தால் போதும், சொந்தபந்தம் முழுக்க வைத்தியராகிவிடும். எங்கள் சித்தப்பா முதல் ஆள். "தேங்காய் எண்ணெயை லேசா சூடு பண்ணித் தேய்டா. எங்கப்பா செருப்புக்கு அப்படித்தான் செய்வார்" என்றார். எதிர்வீட்டு மாமாவின் சிபாரிசு வாழைப்பழத் தோல். "தோலுக்குத் தோல்தான் சரி" என்று காரணமும் வைத்திருந்தார்.

தாத்தாவின் செருப்பைப் பொறுத்தவரை சித்தப்பா சொல்வது சரி. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் அது, எண்ணெயைக் குடிக்கும். இன்றைய கார் சீட்டுத் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. அதன் மேல் சாயம், சாயத்தின் மேல் பாலியூரித்தேன் பூச்சு. நாம் தொடுவது மாட்டை அல்ல, பெயின்ட்டை. அதில் எண்ணெய் தடவினால் உள்ளே போகாது. மேலேயே உட்கார்ந்து தூசியைக் கூப்பிடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால், போன தீபாவளி முறுக்கு டின்னுக்குள் உட்கார்ந்து போவது போலிருக்கும்.

"மாட்டுத் தோலா?" என்று அதிர்ந்த அத்தை, கதவோரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பல வண்டிகளில் நாம் உட்காரும் நடுப்பகுதிதான் தோல். ஓரமும் முதுகுப்புறமும் ரெக்சின். அத்தையின் ஆசாரத்துக்கு வண்டிக் கம்பெனியே வழி செய்து வைத்திருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை பளபளப்பு. புதுத் தோல் சீட்டு மினுங்காது, மங்கலாகத்தான் இருக்கும். நாளாக நாளாக மினுங்குகிறதே, அது நம் வியர்வையும் தலை எண்ணெயும். "சீட்டை எவ்வளவு பளபளன்னு வச்சிருக்கே!" என்று பாராட்டுகிறவர், அழுக்கைத்தான் பாராட்டுகிறார். டாஷ்போர்டு பாலிஷைச் சீட்டில் அடிப்பவர்களும் உண்டு. பார்க்க ஜோர்தான், பிரேக் போட்டால் பட்டு வேட்டிக்காரர் கியர் வரைக்கும் வந்துவிடுவார்.

உண்மையில் சீட்டு கேட்பது கொஞ்சம். முதலில் வாக்குவம் போட்டு இடுக்கிலிருக்கும் மணலையும் மிக்சரையும் எடுக்க வேண்டும். மணலோடு தேய்த்தால் உப்புத்தாளில் தேய்த்த கதைதான். பிறகு தோலுக்கென்று விற்கும் கிளீனர், இல்லையென்றால் காரம் இல்லாத மென்மையான சோப்புக் கரைசல். எதுவானாலும் சீட்டுக்கு அடியில், யார் கண்ணும் படாத மூலையில் முதலில் தடவிப் பார்த்துவிடுங்கள். தண்ணீரை ஊற்றாமல், நுரையை மட்டும் மெத்தென்ற பிரஷ்ஷில் எடுத்து லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் வரும் பழுப்பு நிறம் உங்கள் குடும்ப வரலாறு. சட்டென்று காயட்டும் என்று வெயிலில் நிறுத்தவே கூடாது. காற்றோட்டத்துக்காகப் பொடி ஓட்டை போட்ட சீட்டானால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கிணறு, துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் தொடுங்கள். சானிட்டைசர் காயாத கையை ஊன்றாதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சுக்கு ஆகாது. புது நீல ஜீன்ஸும் வெளிர்நிறச் சீட்டும் சேர்ந்தால் சாயம் ஒட்டும்.

கண்டிஷனர்? விற்பவர் ஒரு பாட்டில் ஊற்றச் சொல்வார். பூச்சு போட்ட தோலுக்குள் அது பெரிதாக இறங்குவதில்லை. எப்போதாவது துணியில் துளி எடுத்துத் தடவி, மிச்சத்தைத் துடைத்தால் போதும். அந்தப் பணத்தில் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வாங்கினால் சீட்டு இன்னும் நாள் உழைக்கும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட சித்தப்பா, "அப்போ நல்லெண்ணெய்?" என்றார்.

எங்கள் வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். தலையில் எண்ணெய் வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து பின்னால் சாயாதீர்கள்.