குழந்தை விரிப்பில் கை பழகலாமா?

கேள்வி: மெஷினில் துணியை இஷ்டப்படி திருப்பிக் கோலம் போடும் தையலைப் பழக ஆசை. மகள் வயிற்றுப் பேரனுக்குத் துண்டுத்துணி மெத்தை விரிப்பிலேயே தொடங்கலாமா?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாக! பேரன் தையலுக்கு மார்க் போடமாட்டான்; நனைத்துத்தான் கையெழுத்துப் போடுவான். விரிப்பு சிறியது என்பதால் மெஷினுக்கு அடியில் சுலபமாகத் திரும்பும். பல நிறப் பூத்துணியில் கோணல் தையலும் கண்ணில் படாது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல்காரர்களிடம் வெட்டுத்துணி கேளுங்கள். பருத்தி மட்டும் போதும். துவைத்துச் சுருங்கவிட்டுத் தையுங்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவே பழைய நூல்புடவை, அடியில் வேட்டி. வங்காளத்துக் காந்தாவும் பழம்புடவையில் பிறந்ததுதான். என்ன, அது கைத்தையல்.

முக்கியமான இடம் இது. துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிடுங்கள், அல்லது தகடு போட்டு மூடுங்கள். டார்னிங் ஃபுட் மாட்டி, ஃபுட்டை இறக்கும் லீவரைக் கட்டாயம் கீழே இறக்குங்கள். மறந்தால் மேல்நூல் இறுக்கம் போய், அடியில் நூல் கொசகொசவென்று சிக்கிக்கொள்ளும். தையலின் நீளம் இனி உங்கள் கையில்: மெஷின் வேகமாக ஓடி, கை மெதுவாக நகர்ந்தால் பொடித்தையல், கை முந்தினால் நீளத்தையல். காலும் கையும் ஒத்துப்போகும்வரை வளைவு வளைவாக ஓட்டுங்கள். பூவும் மீனும் பிறகு.

கடல்காற்றில் ஊசி துருப்பிடிக்கும். புது ஊசி போடுங்கள். பட்டன், ஜமிக்கி வேண்டாம். தொங்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள், பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். நம் வெயிலுக்கு விரிப்பைப் பேரனுக்குப் போர்த்தாதீர்கள். தரையில் விரித்து விளையாட விடுங்கள்.