அண்ணாந்தே வாழ்பவர்

வடசென்னை மொட்டைமாடிகளில் இவரைப் பார்க்கலாம். விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோவாயை வானத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்பார். கர்ணப்புறாக்காரர். அவர் முகத்தைவிடத் தொண்டைக்குழிதான் தெருவுக்கு அதிகப் பழக்கம்.

பறக்கிற பறப்பிலேயே பின்பக்கமாகக் கரணம் போடும் ஜாதி, கர்ணப்புறா. அதன் பாட்டி, கொள்ளுப்பாட்டி வரை அவருக்கு அத்துப்படி. மகன் எத்தனையாவது படிக்கிறான் என்று கேட்டால் மட்டும் வீட்டம்மா பக்கம் திரும்புவார்.

"நிறைய கர்ணம் போட்டா நல்ல புறாவா?" என்று ஒருமுறை வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். "போடறது பெரிசில்ல சார், நிறுத்தத் தெரியணும். உருண்டுக்கினே வந்து தரையில மோதி செத்தது எத்தினியோ!" அப்படிப்பட்ட இரண்டை ஜோடி சேர்த்தால் குஞ்சு கதி அதோகதிதானாம். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டார் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்கள். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டையும் படித்துவிட்டு, அதே குரலில் சொன்னார்: "ரெண்டு பக்கமும் கோவக்கார வம்சம்... நல்லா யோசிச்சிட்டீங்களா?"

2015-இல் புறாப் பந்தயத்தை வைத்து 'மாரி' படம் வந்தபோது முதல் நாளே போனார். புறாக்கள் பிரமாதமாம். நடுநடுவே தனுஷ் வந்து மறைத்துவிட்டாராம்.

அக்பரிடம் 20,000 புறாக்களுக்கு மேல் இருந்ததாக 'அயினி அக்பரி' சொல்வதை எடுத்துவிட்டேன். மலைத்துப்போவார் என்று நினைத்தேன். "அப்போ அவர் வளக்கல சார். ஆளுங்க வளத்தாங்க." டார்வின் புறா வளர்த்ததையும், லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்ததையும் சொன்னேன். "எத்தினி மணி நேரம் வானத்துல நின்னுச்சு அவரோடது?" நான் விழித்தேன். டார்வின் அங்கேயே தரையிறங்கிவிட்டார்.

அவர் கலங்கி நான் பார்த்தது, மேலே வல்லூறு வட்டமிடும்போதுதான். விசில் அடித்து, கம்பு டப்பாவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, கடைசிப் புறா கூண்டுக்குள் போகும்வரை மூச்சுவிட மாட்டார்.

சாப்பிடக் கூப்பிட்டால் அவர் காதில் விழாது. தொண்டை வறண்டுபோன வீட்டம்மா, இப்போதெல்லாம் படியடியில் நின்று அந்த டப்பாவைத்தான் குலுக்குகிறார். புறாக்களுக்கு முன்னால் இவர் இறங்கி வந்துவிடுகிறார். பந்தய நாளில் மட்டும் டப்பாவைத் தொடக் கூடாது; சத்தம் கேட்டுப் புறா இறங்கிவிட்டால் பந்தயம் போச்சு. அன்றைக்கு அவருக்குச் சோறு பொழுது சாய்ந்த பிறகுதான்.