டி-சட்டை மாமா

தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டிக் கேரித் தீவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் செம்பனைதான். அந்தப் பச்சைக்கு நடுவே, தோட்டக் குடியிருப்பில், ஒரு வீட்டுக் கொடிக்கயிறு மட்டும் தனியாகத் தெரியும். வரிசையாக டி-சட்டைகள் தொங்கும். ஒன்றிலும் எழுத்தைப் பார்க்க முடியாது. எல்லாம் உள்பக்கம் வெளியே திருப்பி, தலைகீழாக, கீழ் விளிம்பில் கிளிப் மாட்டி, தாழ்வார நிழலில். மாமா வீடு அதுதான். விலாசம் கேட்க வேண்டியதில்லை.

இந்த ரகத்து மாமாக்கள் பந்திங்கில் உண்டு, கிள்ளானில் உண்டு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் உண்டு. ஆனாலும் அசல் சரக்கு தோட்டத்து மாமாதான். அவர் அலமாரியில் காசு கொடுத்து வாங்கிய டி-சட்டை ஒன்றுகூட இருக்காது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போட்ட சட்டை, மாரியம்மன் கோயில் திருவிழாச் சட்டை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டை, தொழிற்சங்கக் கூட்டத்துச் சட்டை, சொந்தக்காரர்கள் குடும்ப தினம் கொண்டாடி இரண்டு தரப்பாகப் பிரிந்துபோன சட்டை, தேர்தலுக்குத் தேர்தல் வந்த சட்டை. நம் ஆட்கள் ஒரு காரியத்தில் இறங்கினால் முதலில் அச்சடிப்பது நோட்டீஸை அல்ல, டி-சட்டையை. செயலாளர் யார் என்று முடிவாகும் முன்பே சட்டையின் நிறம் முடிவாகிவிடும்.

கொடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள். சங்கம் கலைந்துவிடும். மாமா மட்டும் துவைத்துக்கொண்டே இருப்பார்.

அவரிடம் உள்ள கம்பெனிச் சட்டைகளைப் பார்க்க வேண்டும். கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி தீவுக்குப் பெயரை விட்டுப் போனார். அதற்குப் பிறகு கம்பெனிப் பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. மாமா குலை வெட்டிய காலத்தில் கோல்டன் ஹோப். 2007-இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் ஒன்றாகி சைம் டார்பி. 2024-இல் எஸ்.டி. கத்ரி. மரம் அதேதான், மண் அதேதான், சட்டை மட்டும் மூன்று. இதில் மிகப் பழைய கோல்டன் ஹோப் சட்டைதான் எழுத்துக்கூடக் கலையாமல் இருக்கிறது. "கம்பெனி போச்சு, பிரிண்ட்டு போகல பாத்தியா?" என்று மடிப்பைப் பிரித்துக் காட்டும்போது மாமாவின் முகத்தில், கம்பெனியைவிடத் தான் நன்றாக நிர்வாகம் செய்துவிட்ட பெருமை தெரியும்.

நிர்வாகம் என்றால் சும்மா இல்லை. புதுச் சட்டை வந்த அன்றே வாளிக்குள் போகாது; ஒரு நாளாவது அச்சு ஆற வேண்டும். பிறகு உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சமாகத் தூள் போட்டு, கொஞ்ச நேரம். குளோராக்ஸ் கிட்டே வரக்கூடாது. வாசனைக்கு ஊற்றுகிற சாஃப்ட்னர் அவருக்குப் பிடிக்காது, அது பிரிண்ட்டின் பிடியைத் தளர்த்திவிடும் என்பார். கசக்கலாம், அச்சு உள்ள இடத்தை முறுக்கிப் பிழியக்கூடாது. துவைப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷமும் உண்டு. சவர்க்காரத்துக்கும் சலவைத் தூளுக்கும் செம்பனை எண்ணெயும் அதன் கொட்டை எண்ணெயும் மூலப்பொருள். "நான் வெட்டின குலைதான் நுரையா திரும்பி வருது" என்று வாளிக்குள் கையை விட்டு அளைவார். அத்தை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அத்தையின் துணிகள் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

காயப்போடுவதில்தான் அவருக்குச் சோதனை வருகிறது. கோயில் சட்டையில் மஞ்சள் கறை. சவர்க்காரம் பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். புது மருமகள்கள் பயந்துபோவார்கள். மஞ்சளின் நிறச்சத்து வெளிச்சத்தில் சிதையும். ஆகவே கறைக்கு வெயில் வேண்டும். அச்சுக்கோ நிழல் வேண்டும். கறை இருப்பது அம்மன் பெயருக்குப் பக்கத்திலேயே. வேறு யாராவது என்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்திருப்பார்கள். மாமா மீலோ பெட்டியின் அட்டையை எழுத்தின் அளவுக்கு வெட்டி, அம்மன் பெயரின் மேல் கிளிப் போட்டு, கறையை மட்டும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சூரியன் நகர நகர அட்டையும் நகர்ந்தது. மத்தியானம் மழை வந்தபோது முதலில் உள்ளே போனது சட்டை, அடுத்தது அட்டை, கடைசியாகத்தான் மாமா.

கிள்ளானிலிருந்து வருகிற மாப்பிள்ளைக்கு இந்தச் சாத்திரம் தெரியாது. மாமனார் ஆசையாகக் கொடுத்த திருவிழாச் சட்டையை டோபிக் கடையில் போட்டு, அங்கேயே உலர்த்தியில் சுற்றவிட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் கோபுரத்தின் பாதி உரிந்து தொங்கியது.

"உலத்துற மெஷினுக்கு எவ்வளவு போட்டீங்க மாப்பிள்ளை?"

"ஆறு வெள்ளி மாமா."

"அஞ்சு வெள்ளி எங்கிட்ட கொடுத்திருந்தா நானே கிழிச்சுக் கொடுத்திருப்பேனே லா."

மாப்பிள்ளை சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. சோறு பரிமாறும்போது அத்தை வைத்த இரண்டாவது நண்டை மாமா தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

இஸ்திரி விஷயத்தில் அவர் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு தேர்தல் சமயம், அவசரத்தில் அத்தை வேட்பாளர் படத்தின் மேலேயே சூடான பெட்டியை வைத்துவிட்டார். ஒய்.பி.யின், அதாவது மாண்புமிகுவின், மீசை பெட்டியோடு வந்துவிட்டது. அடுத்துத் தேய்த்தது பேரனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை. மீசை அங்கே போய் உட்கார்ந்தது. பையன் இரண்டாம் வகுப்பிலேயே கட்சிக்காரன் ஆனான். அன்றிலிருந்து அந்த வீட்டில் உள்பக்கம் திருப்பாமல் எந்தச் சட்டையும் தேய்க்கப்படுவதில்லை. மடிக்கும்போதும் அச்சோடு அச்சு ஒட்டாமலிருக்க நடுவில் பழைய காலண்டர் தாள் வைக்கப்படுகிறது.

உள்பக்கம் திருப்பும் பழக்கம் ஒரு முறை சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. 2015 ஆகஸ்டில், கோலாலம்பூரில் தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே 4 பேரணி நடப்பதற்கு முன்னால், அந்த எழுத்துப் போட்ட மஞ்சள் உடைகளுக்கு உள்துறை அமைச்சு தடை விதித்தது. மாமா கொடிக்கயிற்றிலும் மஞ்சள் தொங்கியது. அது கோயில் மஞ்சளா, அந்த மஞ்சளா என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாமா பேரணிக்குப் போனாரா என்று கேட்டால், "சட்டை ஈரமா இருந்துச்சு" என்பார். எந்தச் சட்டை என்று கேட்டால் பசியாறியாச்சா என்று பேச்சை மாற்றுவார்.

அவருடைய அறிவு முழுக்க வெளிப்படுவது இலவசச் சட்டை கொடுக்கும் மேடைக்குப் பக்கத்தில்தான். மற்றவர்கள் அளவு சரியா என்று தோளில் வைத்துப் பார்ப்பார்கள். மாமா அச்சுள்ள இடத்தை இரண்டு கட்டை விரலாலும் பிடித்து மெதுவாக இழுப்பார். சில்க் ஸ்கிரீனில் போடுகிற பிளாஸ்டிசால் மை நூலுக்குள் ஊறுவதில்லை, துணி மேல் தோலாகப் படிவது. ஏறக்குறைய 160 டிகிரி சூட்டில் முழுசாக வெந்தால்தான் நிற்கும். அவசர ஆர்டரில் அரைவேக்காடாக இறக்கிவிட்டால், இழுத்த இடத்தில் விரிசல் விடும். எப்படித் துவைத்தாலும் பிழைக்காது. கொடுத்த ஒய்.பி. எதிரிலேயே நிற்க, மாமா ஒய்.பி.யின் சிரிப்பைக் காதுவரை இழுத்துப் பார்த்தார். உதட்டோரம் விரிசல் விட்டது.

"இது அஞ்சு வருஷம் தாங்காது" என்றார் மாமா, சட்டையைத் திருப்பிக் கொடுத்து. ஒய்.பி.யின் உதவியாளர் அதை அரசியல் விமர்சனமாக எடுத்துக்கொண்டு, மாமாவின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் குறித்துக்கொண்டார். மாமாவோ வேறு சட்டை அனுப்பத்தான் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்து அளவையும் சேர்த்துச் சொன்னார்.

இப்போது அவர் தொழிலுக்கே ஆபத்து வந்திருக்கிறது. கோயில் இளைஞர்கள் இந்த வருடத் திருவிழாவுக்கு ஜெர்சிச் சட்டைக்குச் சொல்லிவிட்டார்கள். பாலியெஸ்டர் துணி, சாயம் சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். உரியாது, விரியாது, அட்டை வெட்ட வேண்டாம். "மாமா, இத மெஷின்ல போடலாம், வெயில்ல போடலாம்" என்று குழுத் தலைவர் ஒன்றைக் கையில் கொடுத்தார். மாமா கட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுரண்ட அங்கே ஒன்றுமில்லை.

"துவைக்கத் தெரியாதவன்கூட போடலாம்போல" என்று முணுமுணுத்தார். ஒரு வாரம் அவர் முகம் சரியில்லை. அத்தைகூடக் கவலைப்பட்டு, அவருக்குப் பிடித்த கோல்டன் ஹோப் சட்டையை எடுத்து வெளியே வைத்தார்.

திருவிழா முடிந்தது. காவடிக்குப் பின்னால் வெயிலில் நடந்து, பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவி வந்தவர் ஜெர்சியை அவிழ்த்து வாளியில் போட்டார். துவைத்தார். காய்ந்ததும் கக்கத்துப் பக்கத்தை மூக்கில் வைத்தார். மறுபடி வைத்தார். உடனே மோட்டாரை எடுத்துக்கொண்டு குழுத் தலைவர் வீட்டுக்கே போய், வாசலில் நின்று அதை நீட்டினார்.

"தம்பி, நீ சொன்னது சரிதான். எழுத்து நிக்குது. நாத்தமும் நிக்குது. மோந்து பாரு."